ஞாயிற்றுக்கிழமை ஓய்வெடுத்த வானம்

நாற்பது வருடம் துருவ ஒளியையும் கோள்களின் மேல் வளிமண்டலத்தையும் ஆராய்ந்தவர் என்று போன வாரக் கூட்டத்தில் உங்களுக்கு என்னை அறிமுகப்படுத்தினார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அதற்கெல்லாம் முன்னால் நான் ஏழு வாரம் ஒரு ஜீப் வண்டியை மிகுந்த சிரத்தையோடு ஆராய்ந்தேன். அறிமுகம் செய்கிறவர்கள் நாகரிகம் கருதி அதை விட்டுவிடுகிறார்கள். புதிதாக இந்தத் துறைக்கு வந்திருக்கிற உங்களுக்கு என் வியாழன் கோள் ஆராய்ச்சியைவிட அந்த ஜீப் ஆராய்ச்சிதான் அதிகம் உதவும் என்று எனக்குத் தோன்றுகிறது. கேளுங்கள். சிரிக்கலாம், தடையில்லை.

ஐம்பதுகளின் பிற்பாதி. நான் மலைநாட்டில் லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. அப்பா தேயிலை ஸ்டோரில், அதாவது தொழிற்சாலையில், அடுப்புக்கு விறகு போட்டவர். எப்படியோ படித்து, கொழும்பில் பௌதிகத்தில் பட்டம் வாங்கி, ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் தற்காலிக உதவியாளனாகச் சேர்ந்தேன். தற்காலிகம் என்றால் நிஜமாகவே தற்காலிகம். இலங்கை சுதந்திரம் அடைந்த கையோடு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தோட்டத்து எங்கள் ஆட்களின் குடியுரிமை போய்விட்டது அல்லவா? எந்த நாட்டுப் பதிவேட்டிலும் பெயர் இல்லாதவனுக்கு நிரந்தர வேலை எப்படிக் கொடுப்பார்கள்? வருடா வருடம் ஒரு கடிதம் வரும், இன்னும் ஒரு வருடம் இருந்துகொள் என்று. நானும் இருந்துகொண்டேன்.

வேலை என்ன என்று கேட்பீர்கள். பூமத்திய ரேகையை ஒட்டிய நம் பக்கத்தில், தலைக்கு மேலே நூறு கிலோமீட்டர் உயரத்தில், பகல் நேரத்தில் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. நடுப்பகலில் பெருகும், சாயங்காலம் வற்றும். துருவப் பக்கம் இதன் உறவுக்காரர்கள் பச்சையும் சிவப்புமாக வெளிச்சம் போட்டு ஆடுவார்கள். நம் பக்கத்து ஆள் அடக்கமானவர், கண்ணில் படமாட்டார். தரையில் ஒரு காந்தத்தை மெல்லிய இழையில் தொங்கவிட்டால் அது லேசாகத் திரும்புவதை வைத்துத்தான் அவர் போக்குவரத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். காந்தத்தில் ஒட்டிய கண்ணாடியில் பட்டுத் திரும்பும் ஒளிப்புள்ளி, சுழலும் உருளையில் சுற்றிய ஒளிப்படத் தாளில் கோடு போட்டுக்கொண்டே போகும்.

கொழும்பில் டிராம், ரயில், துறைமுகம் என்று எங்கு பார்த்தாலும் இரும்பு. அதனால் எங்கள் நிலையத் தலைவர் மலைநாட்டில் இடம் தேடினார். அக்கரப்பத்தனைக்கு மேலே ஒரு தோட்டத்தில் அதை நடத்திய துரை சம்மதித்தார். இரும்பு ஆணி ஒன்றுகூட இல்லாமல், பித்தளை ஆணி மட்டும் அடித்து, ஜன்னல் இல்லாத சின்ன மரக்குடில் கட்டினோம். தோட்டத்து ஆட்கள் அதற்குக் ‘காந்தக் காம்பரா’ என்று பெயர் வைத்தார்கள்; காம்பரா என்றால் அறை. விடியற்காலையில் போய்த் தாளை மாற்றுவேன். பிறகு கீழே இறங்கி, கடைவீதியில் எடுத்திருந்த வாடகை அறையில் முந்தின நாள் தாளைக் கழுவிக் காயவைத்துக் கணக்குப் பார்ப்பேன். என் நாள் அவ்வளவுதான்.

முதல் மாதமே ஒரு கூத்து நடந்தது. அங்கே மழை எந்த நேரமும் வரும். நான் தினமும் குடையோடு போவேன், குடையை உள்ளே மூலையில் சாத்திவிட்டு வேலை செய்வேன். குடைக்கம்பி இரும்பு என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. தலைவர் வந்து பார்த்துவிட்டுக் குடையைத் தூக்கி வெளியே வீசினார். அன்று வாங்கிய வசவு இன்றைக்கும் காதில் இருக்கிறது. அதற்குப் பிறகு எனக்கு இரும்புப் பைத்தியம் பிடித்துவிட்டது. பெல்ட்டைக் கழற்றி வேலியில் மாட்டிவிட்டு, ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே தாள் மாற்றினேன். கொழுந்துக்குப் போகிற பெண்கள் பார்த்துச் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று இருந்தேன். தலைவர் கற்றுக்கொடுத்தது சரியான பாடம், நான் கற்றுக்கொண்டது அதில் பாதி. இரும்பு கூடாது என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். ஏன் கூடாது, எப்போது கூடாது என்று யோசிக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் என் மகத்தான கண்டுபிடிப்பு நடந்தது. கோட்டில் காலை பத்து மணி சுமாருக்கு ஒரு சின்ன மேடு. கால் மணி நேரம் இருக்கும், பிறகு இறங்கிவிடும். பிற்பகல் நாலு மணிக்கு இன்னொன்று. வெயிலோ மழையோ தவறாமல் வரும். இதைவிட அதிசயம், ஏழு நாளுக்கு ஒரு நாள் இரண்டு மேடுமே இருக்காது. அன்று கோடு பால் போல வழவழவென்று இருக்கும். எனக்குத் தூக்கம் போயிற்று. மேல் வளிமண்டலத்துக்கு ஏழு நாள் தாளம் ஒன்று இருக்கிறது, உலகத்தில் யாருக்கும் தெரியாது, லிந்துலைக்காரன் எனக்குத் தெரியும்!

நான் தேதி போட்டு வரைந்தேன், கிழமை போடவில்லை. பத்து மணி, நாலு மணி, ஏழாம் நாள் ஓய்வு. இந்தக் கணக்கில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். தோட்டத்துப் பிள்ளைக்கு இது மூச்சு மாதிரி, விசித்திரமாகவே தெரியாது. வேறு ஊர்க்காரன் யாராவது பார்த்திருந்தால் இதென்னடா பத்து மணிக்கு என்று கேட்டிருப்பான். தலைவருக்கு நீண்ட கடிதம் எழுதினேன். அவர் பதில் போட்டார்: சுவாரஸ்யமாக இருக்கிறது, இன்னும் சில வாரம் பார், நிலைத்தால் கட்டுரையாக்கலாம், கட்டுரை வந்தால் உன்னை வடக்கே துருவ ஒளி படிக்க அனுப்ப முயல்கிறேன் என்று. அன்று நான் நடக்கவில்லை, மிதந்தேன்.

அந்த மிதப்பில் இருந்தபோதுதான் தோட்டத்துத் துரையிடமிருந்து ஒரு குறிப்பு வந்தது. உங்கள் குடிலுக்கு அறுபது கஜ தூரத்தில் இருக்கிற தொழிலாளர் லயத்துக்குக் கூரைத் தகரம் மாற்றத் தொடங்கியிருக்கிறோம், உங்கள் கருவிக்கு ஏதும் தொந்தரவு உண்டா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார். தகரம் என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் குடை ஞாபகம் வந்துவிட்டது. நூறு கஜத்துக்குள் எந்த இரும்பும் வருவது விரும்பத்தக்கதல்ல என்று அரைப் பக்கம் ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அப்போதே கொடுத்தனுப்பினேன். பத்து நிமிட வேலை. அந்த லயத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்கவில்லை. அப்பா, அம்மா, தங்கச்சியோடு அதே மாதிரி ஒரு லயத்தில், வரிசைக் காம்பராக்களில் ஒன்றில், இருபது வருடம் படுத்து எழுந்தவன் நான். எனக்கு அது தோன்றவே இல்லை. இதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வாரம் போனது. ஒரு வெள்ளிக்கிழமை முந்தின நாள் தாளைக் கழுவினால் பாதி வெள்ளையாக இருந்தது. விளக்கு அணைந்திருக்கிறது. புது விளக்கை எடுத்துக்கொண்டு வழக்கத்துக்கு மாறாகப் பகலில் மேலே ஏறினேன். மாட்டிவிட்டு ஒளிப்புள்ளி சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். மணி பத்து. புள்ளி மெல்ல நகர்ந்தது. ஐயோ, என் மேடு! தாளில் மட்டுமே பார்த்த என் கண்டுபிடிப்பு கண் முன்னால் நடக்கிறது. நூறு கிலோமீட்டர் உயரத்தில் ஏதோ ஒன்று திரும்பிப் படுப்பதை நான் நேரில் பார்க்கிறேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. யாரிடமாவது சொல்லாவிட்டால் வெடித்துவிடுவேன் போல இருந்தது. கதவைத் திறந்துகொண்டு வெளியே ஓடினேன்.

குடிலுக்குப் பின்னால் ஒரு மண்மேடு உண்டு. அதற்கு அந்தப் பக்கம் பதினைந்து இருபது கஜத்தில் ஒரு ஜீப் நின்றது. துரை பைப் புகைத்துக்கொண்டு அதில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் மர நிழலில், பறித்த கொழுந்தைத் தராசில் நிறுத்துக்கொண்டிருந்தார்கள்.

என் முகம் எப்படிப் போயிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். துரை கையை உயர்த்தினார், நானும் உயர்த்தினேன். கொஞ்ச நேரத்தில் அவர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். உள்ளே ஓடிப் பார்த்தேன். புள்ளி பழைய இடத்துக்கு வந்துவிட்டது.

திரும்ப வெளியே வந்தபோது, நிறுத்துக் காலியான கூடையோடு ஒரு பெண் அந்தப் பக்கமாக வந்தாள். செல்லம்மா என்று பெயர், நாற்பது வயது இருக்கும், புருஷன் முனியாண்டி தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டுகிறவர். என்னைப் பார்த்துச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி. அவளிடம் கேட்டேன், இந்த ஜீப் எப்போதும் இங்கேதான் நிற்குமா என்று.

“கொழுந்து நிறுக்கிற நேரமெல்லாம் இங்கதான் தம்பி. புது ரோட்டு வெட்டுனதுல இருந்து காலையில ஒரு வாட்டி, அந்திக்கு ஒரு வாட்டி.”

ஞாயிற்றுக்கிழமை? என்றேன்.

“ஞாயித்துக்கெழம தொரைக்கு லீவுதானே.”

வானத்துக்கு அல்ல, துரைக்கு லீவு. ஏழு வாரக் கண்டுபிடிப்பு அத்தோடு முடிந்தது. நான் அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்திலிருந்து நிமிர்ந்து பார்த்தபோதுதான் எதிரே லயம் தெரிந்தது. விடியற்காலை மூடுபனியில் நான் கவனிக்காத லயம். பன்னிரண்டு காம்பராவில் ஆறுக்குக் கூரை இல்லை. பழைய தகரத்தைக் கழற்றிக் கீழே போட்டிருந்தார்கள். வெறும் மரச்சட்டத்தின் மேல் மானாப்புல்லும் சாக்கும் பரப்பிக் கல் வைத்திருந்தது.

என்ன இது என்று கேட்டேன். செல்லம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். புதுத் தகரம் ஸ்டோரில் வந்து கிடக்கிறதாம். பழசைக் கழற்றிய மறுநாள் காந்தக் காம்பராவுக்கு ஆகாது என்று யாரோ பெரிய ஆள் துரைக்குக் கடுதாசி எழுதிவிட்டாராம். கழற்றிய தகரத்தை மறுபடி போடக்கூடாது என்று உத்தரவாம். அவள் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், இன்னும் பத்து நாளோ பன்னிரண்டு நாளோ. பெருமழை அதற்குள் பிடித்துவிடும். நேற்று இரவு அடித்த சாரலுக்கே அடுப்படியில் தண்ணீர் நின்றது.

“தோட்டத்து ஆஸ்பத்திரியில பெத்துக்குவா. பச்சப்புள்ளய எங்க கொண்டாந்து போடுறது தம்பி?” என்று மட்டும் கேட்டாள். கூடையைத் தூக்கிக்கொண்டு மலைக்குப் போய்விட்டாள்.

அந்தக் கடுதாசியை எழுதிய பெரிய ஆள் புல்லில் உட்கார்ந்திருந்தார்.

இனி நடந்ததைக் கவனமாகக் கேளுங்கள், உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். அன்று எனக்குத் தோன்றிய முதல் யோசனை யோக்கியமானது அல்ல. துரையிடம் ஜீப்பை மட்டும் தள்ளி நிறுத்தச் சொல்லிவிடலாம். மேடு மறைந்ததும் தாளம் நிலைக்கவில்லை என்று தலைவருக்கு நாசூக்காக எழுதிவிடலாம். தகரக் கடிதத்தைப் பற்றி யாரும் என்னைக் கேட்கப்போவதில்லை. என் முட்டாள்தனம் ஒருவருக்கும் தெரியாமல் அமுங்கிவிடும், வருடக் கடிதமும் வந்துவிடும். இந்த யோசனை ஒரு மணி நேரம் என்னோடு கூடவே நடந்தது. கடைவீதிக்கு இறங்கும் வழியில் மழை பிடித்தது. பெரிய மழைகூட இல்லை. நனைந்துகொண்டே நின்று திரும்பிப் பார்த்தேன். அதற்கப்புறம் அந்த யோசனை என்னோடு வரவில்லை.

அடுத்து யோசித்தது பௌதிகம், வெட்கப்படாமல் முதல் வகுப்பிலிருந்து. ஜீப் வந்தால் புள்ளி நகர்கிறது, போனால் திரும்புகிறது. என் கணக்கைக் கெடுத்தது அசைகிற இரும்பு. ஓரிடத்தில் கிடக்கிற இரும்பு என்ன செய்யும்? கோட்டை ஒரேயடியாகக் கொஞ்சம் நகர்த்திவிட்டுச் சும்மா இருக்கும். அதை அளந்து கழித்துக்கொள்ளலாம். குடையை மூலையிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தால்கூட இவ்வளவு கெடுதல் இல்லை. தினமும் கொண்டுபோய்க் கொண்டுவந்ததுதான் தப்பு. தலைவர் அதைத்தான் அன்று கத்தியிருக்க வேண்டும், என் காதில் விழுந்தது குடை மட்டும்.

சொல்வது போதாது, காட்ட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் முனியாண்டியையும் லயத்து ஆட்களையும் கேட்டுக்கொண்டேன். கீழே கிடந்த பழைய தகரங்களை ஆறு காம்பராவின் சட்டத்திலும் தூக்கி வைத்தார்கள். வைத்துவிட்டு எல்லோரும் மலைப்பக்கம் போய் ஒரு மணி நேரம் நின்றார்கள். உத்தரவை மீறிய வேலை, ஆட்களை மேற்பார்க்கிற கணக்கப்பிள்ளை பார்த்தால் வம்பு. ஒருவரும் ஏன் என்று கேட்கவில்லை. உள்ளே நான் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தூக்கும்போது ஆட்டம் போட்டது. வைத்து முடித்ததும் மயிரிழை தள்ளிப் போய் நின்றது. நின்றது நின்றதுதான். அதன் மேல் நடுப்பகல் மின்னோட்டம் எந்தக் குறையும் இல்லாமல் ஏறி வந்ததைப் பார்த்தேன். பிறகு தகரங்களை மறுபடி கீழே இறக்கிவிட்டார்கள்.

திங்கட்கிழமை காலை அக்கரப்பத்தனைத் தபாலகத்தில் தலைவருக்குத் தந்தி கொடுத்தேன். ‘ஏழாம் நாள் ஓய்வு வானத்தினுடையதல்ல, தோட்டத் துரையினுடையது, கட்டுரை வேண்டாம், வருந்துகிறேன்.’ தபால் மாஸ்டர் இரண்டு தடவை படித்துவிட்டு, துரைக்கு உடம்புக்கு என்ன என்று கவலையோடு விசாரித்தார். வடக்கே போகிற பயணத்தை என் கையாலேயே கிழித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அங்கிருந்து நேரே துரையின் ஆபீஸ். அவர் மோசமான மனிதர் அல்ல. கொழும்பில் இருக்கிற அவர் மேலதிகாரிகளுக்குக் கூரைச் செலவு பிடிக்கவில்லை, என் கடிதம் அவருக்கு வசதியாகப் போயிற்று, அவ்வளவுதான். நான் எழுதியது தவறு, தகரம் போடலாம் என்றேன். சிரித்துக்கொண்டே தலையாட்டினார். நிபுணர் கடிதம் கோப்பில் இருக்கிறது, கொழும்புக்கும் அறிவித்தாயிற்று, இந்த மழைக்காலம் போகட்டும், பார்க்கலாம் என்றார். நான் நின்றுகொண்டிருந்தேன். உட்காரச் சொல்லவில்லை. ஒரு கணம் ஸ்டோரில் விறகு போட்டவரின் மகனாகவே ஆகிவிட்டேன், சரிங்க என்று சொல்லிவிட்டுத் திரும்பத்தான் கால் பார்த்தது.

என்ன தைரியம் வந்ததோ, அந்தக் கடிதத்தை அப்படியே ஒப்புக்கொண்டேன். நல்லது, அப்படியானால் கடிதம் நிற்கட்டும் என்றேன். நூறு கஜத்துக்குள் எந்த இரும்பும் கூடாது என்றுதானே எழுதியிருக்கிறது?

“உங்கள் ஜீப் இருபது கஜத்தில் நிற்கிறது. கொழுந்து ஏற்றுகிற லொறி நாற்பது கஜத்தில் போகிறது. இரண்டையும் நிறுத்தச் சொல்லி நான் கொழும்புக்கு எழுத வேண்டும். இல்லாவிட்டால் கடிதத்தைத் திரும்பக் கொடுங்கள், சரியாக எழுதித் தருகிறேன்.”

லொறி போகாவிட்டால் கொழுந்து போகாது, கொழுந்து போகாவிட்டால் தேயிலை இல்லை. துரை பைப்பைத் தட்டி மேசையில் வைத்தார். பிறகு கோப்பைத் திறந்து கடிதத்தை எடுத்து நீட்டினார். அங்கேயே நின்றபடி புதிது எழுதினேன். அசையாத தகரத்தால் தொந்தரவு எதுவும் இல்லை, நிற்காமல் கடந்துபோகிற லொறியும் பரவாயில்லை, வந்து வந்து நிற்கிற ஜீப் மட்டும் மண்மேட்டிலிருந்து நூறு கஜம் தள்ளி நிற்கட்டும். புதன்கிழமை ஆணி அடிக்கிற சத்தம் கேட்டது. சனிக்கிழமை வேலை முடிந்தது. அடுத்த வாரம் பெருமழை பிடித்துக்கொண்டது.

தலைவர் என்ன சொன்னார் என்று கேட்பீர்கள். விழுந்து விழுந்து சிரித்ததாக அவருடைய எழுத்தர் சொன்னார். என் கையில் கிடைத்தது ஒரு வரிப் பதில்: இனிமேல் கிழமையும் போடு. வடக்கே போக எனக்கு இன்னும் மூன்று வருடம் ஆயிற்று. துருவ ஒளியை முதன்முதலில் பார்த்த அன்று நான் செய்த முதல் காரியம், குறிப்பேட்டில் கிழமை எழுதியதுதான்.

இதோடு கதை முடிந்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். குழந்தை பிறந்து லயத்துக்கு வந்துவிட்டது என்று கேள்விப்பட்டு ஒருநாள் போனேன். எனக்கு மனது ஆறவில்லை. அந்தப் பெரிய ஆள் நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். காம்பரா காய்ந்து கிடந்தது. மூலையில் சேலைத் தொட்டிலில் பிள்ளை தூங்கியது. மேலே தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் நான் கிட்டத்தட்டக் கத்த வேண்டியிருந்தது. அந்தக் கடுதாசி நான் எழுதியது, என்னை மன்னித்துவிடுங்கள் என்றேன்.

செல்லம்மா அடுப்பிலிருந்து திரும்பவே இல்லை.

“தெரியுமே தம்பி. காலையில வேலைக்குப் பேர் போடுற பெரட்டுல எல்லாரும் கூடி நிக்கிறப்ப கணக்கப்புள்ள ஒங்க பேரச் சொல்லித்தான் அத வாசிச்சாரு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அப்படியானால் அன்றைக்குப் புல்லில் வைத்து யாரோ பெரிய ஆள் என்றாளே? நேருக்கு நேர் என்னைத் திட்டியிருக்கலாமே?

அவள் தேத்தண்ணியை என் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். “திட்டியிருந்தா நீங்க கடுதாசியத்தான் காப்பாத்தியிருப்பீங்க. நீங்க தலகுனியிறதப் பாத்து எங்களுக்கு என்ன ஆகப்போவுது? எங்களுக்குக் கூரை வேணும்.”

அத்தனை நாளும் அந்த லயத்தில் பன்னிரண்டு குடும்பத்துக்கும் தெரிந்திருக்கிறது. கூரையைப் பிடுங்கியவன் யார் என்று தெரிந்துதான் ஞாயிற்றுக்கிழமை தகரம் தூக்கியிருக்கிறார்கள். தப்பைச் செய்தவன் அதிலிருந்து வெளியே வருவதற்கு ஒரு வழியை விட்டுவைத்திருக்கிறார்கள். நான் என்னவோ துரையை மடக்கிய கெட்டிக்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு அந்த வாசலில் நுழைந்திருந்தேன். தேத்தண்ணியை என்னால் குடிக்க முடியவில்லை. அழுதுவிட்டேன். செல்லம்மா பார்க்காதவள் போலப் பிள்ளையின் தொட்டிலை ஆட்டப் போய்விட்டாள்.

இப்போது உங்கள் தாள்களை என் மேசைக்குக் கொண்டுவருகிறீர்கள். அதில் ஜீப் நிற்பது சில சமயம் எனக்கு முதல் பார்வையிலேயே தெரிந்துவிடும். அப்போது நான், இந்தப் பத்து மணிக்கு அங்கே என்ன நடக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று மட்டும் சொல்லி அனுப்புகிறேன். கிழவனுக்கு விஷயம் தெரியவில்லை என்று நீங்கள் வெளியே போய்ச் சிரித்துக்கொள்வது என் காதில் விழாமல் இல்லை.